பழைய பாட்டும் புதிய குரலும்

பத்தாம் வகுப்பு மாணவி, எடப்பாடி

பாட்டுக் கேளாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. நம் எடப்பாடியிலோ தறிச் சத்தத்துக்கு அடுத்தபடியாகக் காதில் விழுவது பாட்டுச் சத்தமே. திருமண மண்டபத்தில் பாட்டு, ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகையில் பாட்டு, பேருந்தில் பாட்டு, தேநீர்க் கடையில் பாட்டு. இத்தனை பாட்டுகளுக்கும் நடுவே வீடுகளில் ஒரு சச்சரவும் ஓயாமல் நடந்து வருகிறது. பழைய பாட்டு ஒன்றைப் புதிய குரலில் பாடி, புதிய இசைக்கருவிகளைச் சேர்த்து வெளியிட்டால், "இதுதான் கேட்க நன்றாக இருக்கிறது" என்கிறார்கள் இளையவர்கள். "நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டார்களே" என்று வருந்துகிறார்கள் பெரியவர்கள். இவ்விரு கட்சியாரில் யார் பக்கம் நியாயம் இருக்கிறது? பழைய பாட்டைப் புதிதாக்கும்போது அது உயர்கிறதா, தாழ்கிறதா? இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

'இதில் ஆராய என்ன இருக்கிறது? அவரவர் விருப்பம்' என்று சிலர் சொல்லக்கூடும். விருப்பம் அவரவருடையதுதான். ஆனால் ஒரு பாட்டில் பலருடைய உழைப்பு அடங்கியிருக்கிறது. எழுதியவர் ஒருவர், மெட்டமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர், வயலினும் குழலும் தபேலாவும் வாசித்தவர்கள் பலர். புதிய பாட்டு வந்ததும் இவர்களுடைய பெயர்கள் மறைந்துபோகுமானால் அது நன்றன்று. அதே சமயம், பழையது என்பதற்காகவே எவரும் தொடக்கூடாது என்று பூட்டி வைத்தால் அந்தப் பாட்டு நம் தலைமுறைக்கு வந்து சேராமலே போய்விடும். ஆகவே இந்தக் கேள்வியில் ரசனையோடு நீதியும் கலந்திருக்கிறது.

பழையது போவதும் புதியது வருவதும் காலத்தின் இயல்பு, அது குற்றமாகாது என்று நன்னூல் தந்த பவணந்தி முனிவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் இலக்கணத்துக்குச் சொன்னது இசைக்கும் பொருந்துமா என்று பார்ப்போம்.

நான்கு வகை

மறுபடி பாடுவது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உற்றுப் பார்த்தால் அதில் நான்கு வகைகள் உள்ளன. சொல்லும் மெட்டும் மாறாமல், பாடுகிறவர் மட்டும் மாறுவது முதல் வகை. பண்டிகைக் காலங்களில் மேடை போட்டுப் பாடும் மெல்லிசைக் குழுவினர் செய்வது இதுதான். 'கவர் பாட்டு' என்ற பெயரில் கைப்பேசியில் நாம் கேட்பவற்றில் பலவும் இந்த வகையே. சொல்லையும் மெட்டையும் பெரும்பாலும் வைத்துக்கொண்டு, தாளத்தையும் இசைக்கருவிகளையும் மாற்றுவது இரண்டாம் வகை. இதைத்தான் 'ரீமிக்ஸ்' என்கிறோம். சொற்கள் அப்படியே இருக்க, மெட்டு முழுவதும் புதிதாவது மூன்றாம் வகை. மெட்டு அப்படியே இருக்க, சொற்கள் புதிதாவது நான்காம் வகை.

நம் ஊர்த் தறியை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். துணிக்குப் பாவும் வேண்டும், ஊடையும் வேண்டும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் போலப் பாட்டில் சொல்லும் மெட்டும் ஓடுகின்றன. குறுக்கே ஓடும் ஊடையைப் போலக் குரலும் தாளமும் கருவிகளும் வந்து சேர்கின்றன. ஒரே பாவில் ஊடையின் நிறத்தை மாற்றினால் சேலையின் நிறமே வேறாகத் தோன்றுவதை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் கண்டிருப்போம். சில சமயம் அந்தப் புதிய நிறம் முன்னதைவிட எடுப்பாக அமையும். ஊடையைத் தடித்த நூலாகப் போட்டு நெருக்கி அடித்தாலோ பாவே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பாட்டுக்கும் இதே கதிதான்.

மெட்டு பழையது, சொல் புதிது

நான்காம் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் அவர்கள் 1935-ஆம் ஆண்டில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படக் கம்பெனியைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று சொல்லப்படும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் இக்கம்பெனி எடுத்ததே. இன்று அந்த நிலையம் இல்லை. ஏற்காடு செல்லும் சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. அந்த வழியாக ஏற்காட்டுக்கு இன்பச் சுற்றுலா செல்வோர் அதைப் பார்த்திருக்கலாம்.

இக்கம்பெனி 1965-இல் 'வல்லவனுக்கு வல்லவன்' என்ற படத்தை வெளியிட்டது. அது 1963-இல் வந்த 'உஸ்தாதோன் கே உஸ்தாத்' என்னும் இந்திப் படத்தின் தழுவல். இந்திப் படத்தில் ரவி இசையமைக்க முகமது ரஃபி பாடிய ஒரு பாட்டின் மெட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தார் இசையமைப்பாளர் வேதா. கண்ணதாசன் சொற்களை எழுதினார். டி.எம். சௌந்தரராஜன் பாடினார். 'ஓராயிரம் பார்வையிலே' என்று தொடங்கும் அந்தப் பாட்டை நம் பாட்டி தாத்தாக்கள் இன்றும் முணுமுணுக்கிறார்கள்.

இது எளிய வேலை என்று எண்ணிவிடக் கூடாது. வேறொரு மொழிக்காகப் பிறந்த மெட்டில் தமிழைப் பொருத்த வேண்டும். மெட்டு நீளும் இடத்தில் நெடில் வர வேண்டும். மெட்டு துள்ளும் இடத்தில் குறில் வர வேண்டும். வல்லினம் விழக்கூடாத இடத்தில் விழுந்தால் பாடுகிறவருக்கு இடறும். இத்தனையையும் காத்துக்கொண்டு, பொருளும் சிதறாமல், இந்தப் பாட்டு தமிழிலேயே பிறந்தது என்று கேட்பவர் நம்பும்படி எழுதிவிட்டார் கண்ணதாசன். ரஃபியின் குரலில் மென்மை மிகுதி. டி.எம்.எஸ். குரலிலோ கம்பீரமும் உருக்கமும் ஒருங்கே உள்ளன. ஒரே மெட்டு இரண்டு குரல்களில் இரண்டு விதமான சோகத்தைச் சொல்கிறது. இதில் ஒன்று உயர்வு, மற்றொன்று தாழ்வு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்த மெட்டு ரவியுடையது என்பதைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் அறிவோம்? தமிழ்ப் பாட்டு வெற்றி பெறப் பெற, முதலில் மெட்டமைத்தவர் பெயர் நம் பக்கத்தில் மறைந்தே போயிற்று. இதே போல நம் தமிழ் மெட்டுகள் பிற மொழிகளுக்குச் சென்று அங்கே நம்மவர் பெயர் மறைந்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

சொல் பழையது, மெட்டு புதிது

இனி மூன்றாம் வகைக்கு வருவோம். மகாகவி பாரதியார் தம் பாடல்கள் பலவற்றுக்கு இராகத்தையும் தாளத்தையும் தாமே குறித்து வைத்தவர். குழந்தையாகக் கண்ணம்மாவைக் கொஞ்சும் 'சின்னஞ்சிறு கிளியே' பாட்டுக்கு அவர் குறித்தது பைரவி இராகம். கண்ணனை எங்கும் காணும் 'காக்கைச் சிறகினிலே' பாட்டுக்கு அவர் குறித்தது யதுகுல காம்போதி. அவர் 1921-இல் மறைந்தார். 1949-இல் சென்னை மாகாண அரசு அவருடைய படைப்புகளின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை எல்லோருக்கும் பொதுவாயின.

1951-இல் வெளிவந்த 'மணமகள்' படத்தில் 'சின்னஞ்சிறு கிளியே' இடம்பெற்றது. சி.ஆர். சுப்பராமன் இசையில் எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். பாரதியார் குறித்த இராகத்தை விட்டுவிட்டுப் பல இராகங்களைக் கோத்து மாலையாக்கினார் சுப்பராமன். பெரியவர் சொல்லை மீறிய செயல் என்று இதைக் குறை கூறலாம். ஆனால் பாட்டின் பொருளைப் பார்ப்போம். குழந்தை ஓடி வரும்போது ஒரு மகிழ்ச்சி. அது ஆடித் திரியும்போது ஒரு பரவசம். பிறர் மெச்சும்போது ஒரு பெருமை. அதன் கண்ணில் நீர் வழிந்தால் ஒரு பதைப்பு. தாய் மனம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அதனுடன் சேர்ந்து இராகமும் மாறிக்கொண்டே போவதுதான் பொருத்தம் என்று சுப்பராமன் கண்டுகொண்டார். மறு ஆண்டே, 30 வயதுகூட நிரம்பாத நிலையில் அவர் காலமானார். அவர் தந்த மெட்டு எழுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. கச்சேரி மேடைகளில் இன்றும் அந்த மெட்டிலேயே பாடுகிறார்கள். பாட்டு பாரதியாருடையது, மெட்டும் அவருடையதே என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

'காக்கைச் சிறகினிலே' பாட்டும் இப்படிப் புதிய மெட்டைப் பெற்றது. பாரதியாரின் நூற்றாண்டு வந்த 1982-ஆம் ஆண்டில் 'ஏழாவது மனிதன்' படத்துக்காக எல். வைத்தியநாதன் இசையமைக்க கே.ஜே. யேசுதாஸ் பாடினார். பள்ளி விழாக்களில் இப்பாட்டைப் பாடும் மாணவியர் பலரும் பாடுவது அந்த மெட்டைத்தான்.

சினிமாவுக்கு வெளியிலும் இது நடந்திருக்கிறது. ஆண்டாளின் திருப்பாவை முப்பதுக்கும் கர்நாடக இசை இராகங்களில் மெட்டமைத்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். பன்னூறு ஆண்டுப் பழமையுள்ள சொற்கள், சென்ற நூற்றாண்டின் மெட்டுகளில் ஏறி மார்கழிக் காலையில் இன்று நம் செவிக்கு வருகின்றன. ஆகவே, 'பழைய பாட்டைத் தொடவே கூடாது' என்னும் கட்சி நிற்காது. சொல்லின் உட்பொருளை அறிந்து மெட்டமைத்தால் புதியது பழையதைவிட ஒரு படி ஏறவும் கூடும் என்பதற்கு இவையே சான்று.

தாளம் மட்டும் ஏறினால்

சச்சரவு பெரிதாக எழுவது இரண்டாம் வகையான ரீமிக்ஸில்தான். 1970-இல் வெளிவந்த 'சொர்க்கம்' படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் டி.எம்.எஸ். பாடிய 'பொன்மகள் வந்தாள்' பாட்டை எழுதியவர் ஆலங்குடி சோமு. 2007-இல் 'அழகிய தமிழ்மகன்' படத்தில் ஏ.ஆர். ரகுமான் அதைப் புதிதாக்கினார். இடையிடையே 'ராப்' எனப்படும் வேகப் பேச்சும் சேர்ந்தது. அதே 2007-இல் வந்த 'பில்லா' படத்தில், 1980-ஆம் ஆண்டு 'பில்லா'வில் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய தலைப்புப் பாட்டை யுவன் சங்கர் ராஜா புதிதாக்கினார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'மேல்நாட்டு வாத்தியம் வந்ததால்தான் பாட்டுக் கெட்டது' என்று பெரியவர்கள் சொல்வது சரியன்று. 1970-இல் வந்த அந்தப் பாட்டிலேயே மேல்நாட்டு வாத்தியங்கள் தாராளமாக ஒலிக்கின்றன. எம்.எஸ். விஸ்வநாதன் தம் காலத்தில் புதுமை செய்தவரே. ஆகவே வாத்தியம் எந்த நாட்டுடையது என்பது முக்கியமன்று. அது சொல்லுக்குத் துணை நிற்கிறதா, சொல்லை மறைக்கிறதா என்பதே கேள்வி.

இவ்விரண்டு பாட்டுகளையும் எங்கள் வகுப்பில் பலர் பழையதும் புதியதுமாகக் கேட்டோம். ஆடுவதற்குப் புதியது ஏற்றது என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை எழவில்லை. ஆனால் டி.எம்.எஸ். பாடும்போது, எதிர்பாராமல் செல்வம் வந்து சேர்ந்தவனின் வியப்பும் மிடுக்கும் ஒவ்வொரு சொல்லிலும் தெரிகின்றன. புதியதில் தாளம் முன்னால் வந்து நிற்க, சொற்கள் பின்னால் போய்விடுகின்றன. பில்லா பாட்டிலோ வேறு விதமான பொருத்தம் இருக்கிறது. புதிய படத்தின் நடையே பழைய படத்திலிருந்து மாறுபட்டது. அந்த நாயகனின் பேச்சுக் குறைந்த, இறுகிய தோற்றத்துக்கு ஏற்ப இசையும் மாறியது. ஆகவே அங்கே மாற்றத்துக்கு ஒரு காரணம் தெரிகிறது.

தாளம் இவ்வளவு ஓங்கியது ஏன் என்பதற்கு எங்களுக்குத் தோன்றிய ஒரு விளக்கத்தையும் இங்கே சொல்ல விரும்புகிறோம். கைத்தறிக் காலத்தில் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே இலங்கை வானொலியைக் கேட்டதாக எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். கைத்தறியின் ஓசை விட்டுவிட்டு வரும். அதன் இடைவெளியில் பாட்டின் சொல் காதுக்கு எட்டும். விசைத்தறிக் கூடத்திலோ பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டியிருக்கிறது. அங்கே மெல்லிய குழலோசையும் கவிஞரின் சொல்லும் எப்படிக் கேட்கும்? மேளம் போல் இடிக்கும் தாளம் ஒன்றுதான் அந்த இரைச்சலைத் தாண்டி வரும். இரைச்சல் மிகுந்த பேருந்துக்கும் கடைவீதிக்கும் இது பொருந்தும். ஆகவே இளையவர்களின் ரசனை கெட்டுவிட்டது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கேட்கும் இடமும் மாறிவிட்டது.

கடல் கடந்த இரண்டு எடுத்துக்காட்டுகள்

பாட்டு மாறுவது தமிழ்நாட்டில் மட்டும் நடப்பதன்று. கிறிஸ்து பிறப்பு விழாவில் நாம் பாடும் 'சைலன்ட் நைட்' பாட்டை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரிய நாட்டின் ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரில் 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24 இரவில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. சொற்களை எழுதியவர் யோசேப்பு மோர் என்னும் குரு. மெட்டமைத்தவர் பிரான்ஸ் குரூபர் என்னும் ஆசிரியர். அன்று அதற்குத் துணையாக ஒலித்தது கித்தார். இன்று உலகெங்கும் நாம் பாடுகிற மெட்டு, குரூபர் எழுதிய மெட்டிலிருந்து சில இடங்களில் மாறுபட்டிருக்கிறது. ஊர் ஊராகப் பரவி வாய்வழியாகப் பாடப்பட்டபோது, காவிரியில் உருண்டு வரும் கூழாங்கல் வழவழப்பாவது போல அதுவும் மெல்ல மாறிற்று. சொற்களும் பல மொழிகளுக்குச் சென்றன. ஆயினும் அந்த இரவின் அமைதி பாட்டைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் யாரும் அதைக் கெடுத்துவிட்டதாகச் சொல்வதில்லை.

மற்றோர் எடுத்துக்காட்டு அமெரிக்காவைச் சேர்ந்தது. டாலி பார்ட்டன் என்னும் பாடகி, தம்மை வளர்த்துவிட்ட மூத்த பாடகர் போர்ட்டர் வேகனரின் குழுவிலிருந்து பிரியும் நேரத்தில் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்ற பாட்டை எழுதினார். அது 1974-இல் வெளிவந்தது. நன்றியோடு விடைபெறும் ஒருவர் தாழ்ந்த குரலில் பேசுவது போல் அமைந்தது அது. 1992-இல் 'தி பாடிகார்ட்' என்ற படத்துக்காக விட்னி ஹூஸ்டன் அதைப் பாடினார். தொடக்கத்தில் எந்த வாத்தியமும் இல்லாமல் தனிக் குரலாகத் தொடங்கி, சிறிது சிறிதாக வளர்ந்து, இறுதியில் மலை உச்சியைத் தொடும் குரலாக எழுப்பினார். அந்தப் பாட்டு அமெரிக்காவில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. டாலியுடையது விடைபெறும் அடக்கம் என்றால், விட்னியுடையது பிரிவின் முழு வேதனை. இரண்டும் பாட்டுக்குள் முன்பே இருந்தவைதாம்.

இங்கே இன்னொரு செய்தியும் உண்டு. எல்விஸ் பிரெஸ்லி இந்தப் பாட்டைப் பாட விரும்பியபோது, அவருடைய மேலாளர் பாட்டின் வெளியீட்டு உரிமையில் பாதியைக் கேட்டார். டாலி மறுத்துவிட்டார். புகழ்பெற்ற ஒருவர் தம் பாட்டைப் பாடும் வாய்ப்பு கைநழுவியது அவருக்கு வருத்தமே. ஆயினும் உரிமை அவரிடமே இருந்ததால், பிற்பாடு விட்னியின் பாட்டு வெற்றி பெற்றபோது அதன் பயன் எழுதியவரையும் சென்றடைந்தது. தம் உழைப்பின் மதிப்பை அறிந்த பெண்மணியின் உறுதி நம்மைப் போன்ற மாணவியருக்கு ஒரு பாடம்.

காது செய்யும் சூழ்ச்சி

பழையதா புதியதா என்று தீர்ப்புச் சொல்லுமுன் நம் காதையே சற்றுச் சோதிக்க வேண்டும். ஏனெனில் அது இரண்டு விதங்களில் நம்மை ஏமாற்றுகிறது.

முதலாவது, பழக்கம். ஒன்றை மீண்டும் மீண்டும் கேட்டாலோ கண்டாலோ அதன்மீது விருப்பம் வளர்கிறது என்று 1968-இல் வெளியான உளவியல் ஆய்வு ஒன்று விளக்கியது. நம் அம்மா பள்ளி சென்ற நாள்களில் கேட்ட பாட்டு அவருக்கு இனிக்கிறது. பாட்டோடு அந்த நாள்களும் சேர்ந்து இனிக்கின்றன. புதிய பாட்டில் மெட்டு மாறாவிட்டாலும் அந்த நாள்கள் அதில் இல்லை. அதனால் அவருக்கு அது வெறுமையாகத் தோன்றுகிறது. நாமோ புதியதை முதலில் கேட்டுவிட்டுப் பழையதைக் கேட்கிறோம். நமக்குப் பழையதுதான் அந்நியமாகத் தோன்றுகிறது.

இரண்டாவது, ஒலியின் அளவு. ஒரே பாட்டைச் சற்று உரக்க வைத்தால் அது முன்னதைவிட நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். புதிய பதிவுகள் பழையவற்றைவிட உரத்த ஒலியில் பதியப்படுகின்றன. பழைய நாளில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் கூடி ஒரே நேரத்தில் பாடி வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். தாழ்ந்த ஒலிகள் அதில் சரியாகப் பதியவும் இல்லை. இப்போது ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு நாள் தனித்தனியே பதிந்து கணிப்பொறியில் சேர்க்கிறார்கள். தவறு நேர்ந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்கிறார்கள். எனவே புதியது தெளிவாக ஒலிப்பதைக் கேட்டு, பாட்டே உயர்ந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கண்ணாடியைத் துடைத்தால் காட்சி தெளிவாகும். அதனால் மலை உயர்ந்துவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய பாட்டை யார் வேண்டுமானாலும் பாடி விற்கலாமா? 1980-களில் ஒலிநாடாக்கள் மலிவாகப் பரவியபோது, புகழ்பெற்ற பழைய இந்திப் பாட்டுகளைப் புதிய குரல்களில் பாடவைத்து டி-சீரிஸ் போன்ற நிறுவனங்கள் ஏராளமாக வெளியிட்டன. அன்றைய சட்டப்படி முதல் பதிவுக்குப் பின் இரண்டு ஆண்டுகள் கழிந்தால் போதும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தியபோது இதற்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, ஒரு பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகே அதைக் கவர் பாட்டாக வெளியிடலாம். ஓராண்டில் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமைத்தொகையைச் செலுத்த வேண்டும். இது கவர் பாட்டு என்று அட்டையில் தெளிவாகக் குறிக்க வேண்டும். தொழில்நுட்பத் தேவைக்கு மேல் சொல்லையோ மெட்டையோ உரிமையாளரின் சம்மதமின்றி மாற்றக் கூடாது.

அட்டையில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற அந்த விதியே எங்களுக்கு மிகவும் பிடித்தது. கடையில் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்றால் நம் ஊரில் எத்தனை வீடுகளின் வயிற்றில் அடிப்பதாகும்! பாட்டிலும் அப்படியே. புதியவர் பாடியதைப் புதியவர் பாடியதாகவே தர வேண்டும்.

எப்படி மதிப்பிடுவது?

இதுவரை பார்த்தவற்றிலிருந்து மூன்று கேள்விகளைத் தேர்ந்தெடுக்கலாம். முதலாவது, புதிய பாட்டில் சொற்கள் கேட்கின்றனவா? இரண்டாவது, பழைய பாட்டில் தெரியாத ஒரு பொருளையோ உணர்ச்சியையோ புதியது வெளிப்படுத்துகிறதா? மூன்றாவது, புதியதைக் கேட்டபின் பழையதைத் தேடிக் கேட்கத் தோன்றுகிறதா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்றால், புதிய பாட்டு நம் மதிப்புக்கு உரியது. 'சின்னஞ்சிறு கிளியே' இவற்றில் எளிதாகத் தேறும். தாளத்தை மட்டும் ஏற்றிய பாட்டுகள் முதல் கேள்வியிலேயே தவறிவிடும். இரண்டையும் ஒரே ஒலி அளவில் வைத்துக் கேட்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இதன்படி பார்த்தால், பெரும்பாலான ரீமிக்ஸ் பாட்டுகள் பழையதை மிஞ்சவில்லை என்பதே எங்கள் முடிவு. இவ்வகையில் பெரியவர்கள் சொல்வது சரியே. ஆனால் பழைய பாட்டைப் பொருளுணர்ந்து மறுபடி பாடுகிறவர் அதற்கு இரண்டாம் உயிர் தருகிறார். சேலத்தில் படம் எடுத்த அந்தக் கூடங்கள் இன்று இல்லை. அங்கே எடுத்த படங்களின் பாட்டுகள் இருக்கின்றன. காரணம், யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேடையில் அவற்றை மறுபடியும் பாடிக்கொண்டிருக்கிறார். இவ்வகையில் இளையவர்கள் சொல்வதும் சரியே.

நம் பள்ளியில் காலைக் கூட்டத்தில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தை எண்ணிப் பார்ப்போம். 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தில் பெ. சுந்தரம் பிள்ளை எழுதிய சொற்கள் அவை. 1970-இல் தமிழக அரசு அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. எம்.எஸ். விஸ்வநாதன் மோகன இராகத்தில் மெட்டமைக்க, டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடினார்கள். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அரசு விழாக்களில் பதிவு செய்த பாட்டை ஒலிபரப்புவதைவிட, பயிற்சி பெற்றவர்கள் வாயாலேயே பாட வேண்டும் என்றும் அறிவுறுத்தப்பட்டது. எத்தனை இனிய பதிவாயினும், உயிருள்ள குரலுக்கு ஈடாகாது என்பதே இதன் கருத்து. ஆறாம் வகுப்புச் சிறுமியின் மெல்லிய குரலும் பன்னிரண்டாம் வகுப்பு அக்காவின் தடித்த குரலும் சேர்ந்து நாள்தோறும் நாம் பாடுவதும் ஒரு புதிய பாட்டே.

ஆகவே தோழியரே, ஆண்டு விழாவிலும் இலக்கிய மன்றத்திலும் பழைய பாட்டுகளைத் தயங்காமல் பாடுவோம். நமக்கு ஏற்றபடி சிறிது மாற்றிப் பாடவும் அஞ்ச வேண்டாம். பாடுமுன் ஒலிபெருக்கியில் இரண்டே வரிகள் சொல்லிவிடுவோம்: எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், முதலில் பாடியவர் யார், எந்த ஆண்டு என்று. அரை நிமிடம்கூட ஆகாது. கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோரில் ஒருவராவது அந்தப் பெயரைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார். பக்கத்தில் இருக்கும் தம் பிள்ளையிடம் அதைப் பற்றி ஏதேனும் சொல்லத் தொடங்குவார்.